கச்சேரிக்கு வராத துவக்குகள்

2025ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் காலை, மன்னார் நீதிமன்றத்தின் முன்னால், வழக்குக்கென வந்து நின்றவர்கள் மீது மோட்டார்ச் சைக்கிளில் வந்தோர் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். இருவர் மாண்டனர், இருவர் காயமுற்றனர். நியாயம் கேட்க மக்கள் கூடும் வாசலிலேயே பட்டப்பகலில் நடந்தது இது.

இப்பகையின் கதையை மன்னார் மக்கள் அறிவர். 2022 ஜூன் மாதத்தில், உயிலங்குளத்து மாட்டுவண்டிச் சவாரியை ஒட்டி எழுந்த பிணக்கிலே சகோதரர் இருவர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 2023 ஆகஸ்டில் அடம்பனை அடுத்த முள்ளிக்கண்டலிலே இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நீதிமன்ற வாசற் கொலைகளும் இதே பகையின் தொடர்ச்சியென்றே பொலிசார் கூறினர். 2022இல் வாள்; பின்னிரு முறையும் துவக்கு. சவாரித் திடலிலே பிறந்த சண்டை ஒன்று மூன்று ஆண்டுக்குள் இவ்வளவு தூரம் வளர்ந்ததெனில், துவக்கு எங்கிருந்து வந்தது என்பதன்றோ முதலிற் கேட்கப்பட வேண்டியது?

இத்தகைய கொலைகளைக் கண்டதும் இரு கூட்டத்தார் இரு விதமாகப் பேசுவர். கொழும்பிலே நாற்காலியில் இருப்போர், வடக்கிலே எவர் கையிலும் துவக்கே இருத்தலாகாது என்பர். ஊரிலே மனம் வெந்தோர், கச்சேரி வாசலில் உரிமத்திற்குக் காத்து நிற்பது வீண் வேலை, அவனவன் தன்னைக் காக்கத் தானே துவக்கொன்று தேடிக்கொள்ளட்டும் என்பர். இரண்டையும் நாம் மறுக்கிறோம். துவக்கு ஏந்துவோன் எவனாயினும் பயிற்சி பெறல் வேண்டும். பயிற்சி பெற்றபின்பே உரிமம் பெறல் வேண்டும். இவ்விதி கமக்காரனுக்கு எங்ஙனமோ, அங்ஙனமே சீருடை தரித்தவனுக்கும் ஆகவேண்டும்.

இன்று நம்மை ஆளுகின்ற சட்டம் யாது? 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின் மறு ஆண்டிலே வெள்ளைக்காரன் ஆக்கி வைத்தது. 1996இல் தண்டனைகளைக் கடுமையாக்கித் திருத்தினர், அடித்தளம் அதுவேதான். உரிமம் ஆண்டுதோறும் டிசம்பர் 31இல் முடியும்; மீண்டும் புதுப்பிக்க வேண்டும். துவக்கு யாரிடம் உண்டு, கட்டணம் கட்டினானா, காலம் தவறினானா என்பனவே அதன் கவலை. வைத்திருப்பவனுக்குச் சுடத் தெரியுமா, அதைவிட முக்கியமாக, சுடாதிருக்கத் தெரியுமா என்பது அதன் கவலையன்று. குடிகளை நம்பாத ஆட்சியாளன் துவக்குகளை எண்ணி ஏட்டில் எழுதினான். சுதந்திரம் பெற்றோம் என்றவர்களும் அதே ஏட்டையே புரட்டிக்கொண்டிருக்கின்றனர்.

இந்தியாவிலும் வெள்ளையன் 1878இல் இதே நோக்கோடுதான் ஆயுதச் சட்டம் செய்தான். ஐரோப்பியனுக்கு விலக்கு, இந்தியனுக்கு விலங்கு. அந்நாட்டார் 1959இல் அதை நீக்கிப் புதிய சட்டம் இயற்றினர். 2016ஆம் ஆண்டின் விதிகளிலே, உரிமம் கேட்போன் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டுமென்றும் சேர்த்தனர். கனடாவிலே, நம்மவர் பல்லாயிரவர் வாழும் ஒன்ராறியோவிலும், வேட்டைத் துவக்கொன்று வாங்க விரும்புவோன் முதலில் பாடநெறியில் அமர்ந்து பரீட்சை எழுதித் தேறவேண்டும். டொரொன்டோவில் உள்ள மைத்துனனுக்கு வேண்டிய பயிற்சி நானாட்டானில் உள்ள மைத்துனனுக்கு வேண்டாமா?

வேண்டும். எனினும், நானாட்டானில் உள்ளவனுக்குத் துவக்கு எதற்கென்பதைக் கொழும்பு அறிந்துகொள்ளல் வேண்டும்.

மன்னார்த் தீவிலே மீனும் பனையுமே பிழைப்பு. தலைமன்னாரிலிருந்து தாழ்வுபாடு வரை துவக்குக்குப் பெரிதாக வேலை இல்லை. பெருநிலப்பரப்பின் கதை வேறு. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரை நம்பிக் காலபோகம் விதைப்பவன், கடன்பட்டு உழுது, கடன்பட்டுப் பசளை இட்டு, கதிர் பால் பிடிக்கும் வேளையிலே பரணில் ஏறி விழித்திருக்கிறான். பன்றிக் கூட்டம் ஓரிரவு புகுந்தால் வயல் உழுத வயலாகிவிடும். மடுப் பக்கத்திலும் முசலிப் பக்கத்திலும் யானையும் வரும். அவன் கையில் இருப்பது தகரமும் தீப்பந்தமும், கிடைத்தால் வனசீவராசிகள் திணைக்களத்தாரின் யானைவெடியும். போருக்கு முன்னர் இவ்வூர்களிலே உரிமம் பெற்ற வேட்டைத் துவக்கு இருந்தது. போர் தொடங்கியதும் இயக்கங்கள் வீடுவீடாகச் சென்று அவற்றை வாங்கின. படையினரின் கண்ணிலே அவை குற்றச் சான்றாயின.

முறையான துவக்கு கிட்டாதவன் என்ன செய்கிறான்? இங்குதான் நாம் நம்மவரையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. கட்டுத்துவக்கு கட்டுகிறான். ஓர் இரும்புக் குழாய், சிறிது வெடிமருந்து, ஆணித்துண்டுகள், மிருகம் நடக்கும் தடத்தின் குறுக்கே ஒரு நூல். நூலிலே கால் தட்டினால் வெடிக்கும். பன்றியின் நெஞ்சுயரம் மனிதனுக்கு முழங்கால் உயரம். ஆதலின் விறகுக்குப் போனவள், தேனுக்குப் போனவன், மாடு தேடிப் போன சிறுவன் எவராயினும் முழங்காலையும் கணுக்காலையும் இழந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரப்படுகின்றனர். சுட்டவன் அவ்விடத்தில் இல்லை. துவக்குக்கு இலக்கமில்லை. வழக்கு எவன்மீது வைப்பது? கட்டியவனே மறந்துபோய் மிதித்த கதையும் நம் காடுகளில் உண்டு. யானைக்கெனப் பழத்தில் பொதிந்து வைக்கும் வெடியும் இதே இனத்தது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 470க்கும் மேற்பட்ட யானைகள் மடிந்தன. சூட்டாலும் இவ்வகை வெடியாலும் மின்கம்பியாலும் மாண்டவை அவற்றுட் பல.

உரிமம் கிடைப்பதை அரிதாக்கினால் துவக்கு குறையுமென்று எண்ணுகின்ற அதிகாரிகள் கட்டுத்துவக்கைக் கணக்கில் எடுப்பதில்லை. குறைவது இலக்கமிட்ட துவக்கே.

பயிற்சி என்றால் என்ன? இராணுவ அணிவகுப்பை நாம் கேட்கவில்லை. வரம்பு தாண்டும்போது துவக்கை மடித்துத் தோட்டாவை எடுத்துவிட்டுத் தாண்டல் வேண்டும் என்பது; தோட்டா ஓரிடத்திலும் துவக்கு ஓரிடத்திலும் பூட்டப்படல் வேண்டும் என்பது; இருளிலே அசைவதெல்லாம் பன்றியன்று என்பது; இலக்கின் பின்னால் யாருடைய கொட்டில் இருக்கிறதென்று தெரியாமல் விசையிலே விரல் வைக்கலாகாது என்பது; சிறு குண்டுத் தோட்டா ஏறத்தாழ 40 யாருக்கு அப்பால் கொல்லாது, வெறுமனே காயப்படுத்தும் என்பது; சிறு குண்டு பட்ட யானை சாகாது, வலியோடு திரும்பி அயலவனின் வீட்டுக்கு வரும் என்பது; குடித்தவன் துவக்கைத் தொடலாகாது என்பது. ஒரு கிழமையில் கற்பிக்கக் கூடியவை இவை. முருங்கனிலோ அடம்பனிலோ, தமிழ் அறிந்த போதகரைக் கொண்டு, தமிழிலே, தமிழ்ப் படிவத்தோடு நடத்த வேண்டும். கமக்காரர் சங்கங்கள் முன்னின்று நடத்தினால் இன்னும் நன்று. அவ்வூர் முஸ்லிம் கமக்காரனும் தமிழ்க் கமக்காரனும் ஒரே வாங்கில் அமர்ந்து கற்கட்டும்.

பயிற்சியே போதுமா என்று ஒருவர் நம்மைக் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1984 டிசம்பர் 4ஆம் நாள் மன்னாரிலே பொதுமக்களைச் சுட்டவர்கள் பயிற்சி பெறாதவர்களல்லர். அரசின் சம்பளப் பட்டியலிலே பெயருள்ள படையினர். 1985 ஜனவரியில் வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் அடிகளார் கொல்லப்பட்டபோது, இராணுவமே கொன்றதென ஊரார் கூறினர், அரசு ஏற்கவில்லை. மறுபுறம், 1990 அக்டோபரிலே எருக்கலம்பிட்டி முதலான ஊர்களின் முஸ்லிம் மக்களைத் துவக்கு முனையில் தீவைவிட்டு வெளியேற்றியவர்களும் குறி தவறாமற் சுடப் பயின்ற விடுதலைப் புலிகளே. தமிழ் பேசும் மக்கள் ஓரினமென மேடைதோறும் முழங்கிய நாம் அன்று வாய்மூடி இருந்தோம். அந்த வெட்கம் நமக்கு உண்டு. சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் சுட்டவன் ஓரிடத்தில் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிடின் துவக்கு பறிக்கப்பட வேண்டும். உரிமம் என்று நாம் கூறுவது இதனையே. 1916ஆம் ஆண்டுச் சட்டத்தார் நீட்டும் கடதாசியை அன்று.

இனி அரசைப் பார்ப்போம். 2024 நவம்பரில், தற்பாதுகாப்பிற்கெனத் தனியாருக்கு வழங்கிய துவக்குகளை மீள ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு கட்டளையிட்டது. நல்லது, செல்வாக்குள்ளவன் இடுப்பிலே துவக்கு ஏறிய வேகம் கமக்காரனின் விண்ணப்பத்திற்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் 2025 பெப்ரவரி 19ஆம் நாள், கொழும்பு அளுத்கடை நீதிமன்றத்தின் உள்ளேயே, சட்டத்தரணி வேடமிட்டு வந்த ஒருவன், புத்தகத்தைக் குடைந்து ஒளித்துக் கொணர்ந்த துவக்கால் சிறைக்கைதி ஒருவனைச் சுட்டுக் கொன்றான். அடுத்த மாதமே, இராணுவ முகாம்களிலிருந்து 73 ரி-56 துவக்குகள் வெளியே போயின எனப் பாதுகாப்புச் செயலாளரே கூறினார். அவற்றுள் ஏறத்தாழப் பாதியே அப்போது மீட்கப்பட்டிருந்தன.

73 துவக்குகள்! ஒரு வேட்டைத் துவக்குக்கு விண்ணப்பிக்கும் மன்னார்க் கமக்காரன் கிராம அலுவலரின் சான்றைக் காட்டுகிறான், காணி உறுதியைக் காட்டுகிறான், பொலிசாரின் விசாரணைக்கு நிற்கிறான், கச்சேரி வாசலுக்கு நடையாய் நடக்கிறான். முகாமிலிருந்து வெளியேறிய துவக்கு ஒவ்வொன்றும் எந்த நாளில், எவன் கையெழுத்தில், எந்த வாயிலால் போயிற்று? பாதுகாப்பு அமைச்சு அந்த ஏட்டை மன்றிலே வைக்கட்டும்.