பத்திரிகை யாருடைய குடும்பச் சொத்து?

‘பாரம்பரியமிக்க பத்திரிகைக் குடும்பம்’ என்று சிலரைப் பெருமையாகச் சொல்கிறார்கள். தாத்தா தொடங்கினார், அப்பா வளர்த்தார், பேரன் நடத்துகிறார். அச்சகத்தோடு சேர்ந்து விளம்பரத் தொடர்பும் சாதித் தொடர்பும் கைமாறுவதை மட்டும் சொல்ல மாட்டார்கள். சாதி எதிர்ப்புப் பத்திரிகைகளுக்கும் குடும்ப வரலாறு உண்டு. அதையும் இதே கண்கொண்டு படிப்பதுதான் நேர்மை.

மகாராஷ்டிரத்தின் அன்றைய அகமதுநகர் மாவட்டத்தில் தரவடி என்றொரு கிராமம். அங்கிருந்து ‘தீனமித்ரா’ என்ற வார இதழை நடத்தியவர் முகுந்தராவ் பாட்டீல். 1910இல் தொடங்கி 1967இல் மறையும் வரை, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அதன் ஆசிரியராக இருந்தார். பத்திரிகை என்றாலே நகரத்துப் பார்ப்பனர் தொழில் என்றிருந்த காலம் அது.

அவரைப் பெற்ற தந்தை கிருஷ்ணராவ் பாலேகர், ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்தவர். 1877இல் புனேயில் ‘தீனபந்து’ இதழைத் தொடங்கியவர். அவரால் அதைத் தொடர்ந்து நடத்த முடியவில்லை. 1880இல் நாராயண் மேகாஜி லோகண்டே பொறுப்பேற்று பம்பாய்க்குக் கொண்டுசென்றார். அதாவது, ‘தீனபந்து’ மகனுக்குப் போகவில்லை, இயக்கத் தோழருக்குப் போனது. முகுந்தராவோ கண்பத்ராவ் பாட்டீல் குடும்பத்துக்குத் தத்துப்பிள்ளையாகப் போனார். கண்பத்ராவ் முன்பு நடத்தி நின்றுபோன இதழின் பெயரைத்தான் தன் வார இதழுக்கு வைத்தார்.

பெற்ற தந்தையிடமிருந்து எழுத்து, தத்துக் குடும்பத்திடமிருந்து பெயர். கேட்பதற்கு அழகான கதைதான். ஆனால் ‘பாட்டீல்’ என்பது ஊர்த்தலைவருக்கான பட்டம் என்பதை மறந்துவிடக் கூடாது. ஊர்க் கணக்கு எழுதும் குல்கர்ணி பதவியைப் பரம்பரையாக வைத்திருந்த பார்ப்பனரை எதிர்த்து அவர் துணிந்து எழுதினார். அந்தத் துணிவு அவருடையது. ஊருக்குள்ளேயே உட்கார்ந்து அப்படி எழுத முடிந்ததற்கு, அந்தக் குடும்பத்துக்கு ஊரில் இருந்த இடமும் ஒரு காரணம். அதே ஊர்களின் மகர் சேரியில் பிறந்தவருக்கு அந்த இடம் கிடையாது.

இந்த வேறுபாட்டை 1920லேயே அம்பேத்கர் பார்த்தார். ஜனவரி 31 அன்று வெளிவந்த ‘மூக்நாயக்’ முதல் இதழில், தீண்டப்படாதோர் பிரச்சினைகளைப் பேசும் பார்ப்பனரல்லாத இதழ்களில் ‘தீனமித்ரா’வையும் குறிப்பிட்டார். ஆனாலும் அவற்றில் போதிய இடம் கிடைக்காது, நமக்கென்று தனி இதழ் வேண்டும் என்றார். அது நன்றி கெட்ட பேச்சல்ல. நட்பு சக்தியின் எல்லை எதுவென்று நட்போடு சொன்ன பேச்சு.

சுபேதார் ராம்ஜியின் மகனுக்குக் குடும்பச் சொத்தாக அச்சகம் எதுவும் இல்லை. கோலாப்பூர் சாகு மகாராஜா தந்த 2,500 ரூபாயில்தான் ‘மூக்நாயக்’ தொடங்கியது. காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தை வெளியிட திலகரின் ‘கேசரி’ மறுத்தது. 1923இல் இதழ் நின்றது. ‘தீனமித்ரா’வுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல், ‘மூக்நாயக்’குக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். இந்த இடைவெளியைத் திறமையால் விளக்க முடியுமா?

இது பழங்கதை அல்ல. ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்டரியும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், இந்திய ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. ‘தகுதி உள்ளவர் கிடைக்கவில்லை’ என்ற வழக்கமான பதிலைச் சொல்பவர்கள், தங்கள் குடும்ப வரலாற்றை ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும்.

முகுந்தராவைக் கொண்டாடுவோம். கொண்டாடும்போதே, அவருக்குக் கிடைத்த எந்த வசதி யாருக்குக் கிடைக்கவில்லை என்றும் கேட்போம். நம் கையில் இன்றிருக்கும் சிற்றிதழ்களுக்கும் இணைய ஊடகங்களுக்கும் அதே கேள்வி பொருந்தும். ஆசிரியர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்? சந்தா செலுத்துவதும் எழுதுவதும் நம் வேலை என்றால், அந்த நாற்காலியைக் கைமாற்றுவதும் நம் வேலைதான்.