ஸ்டுடியோல போயி பாத்துக்கலாம் மாப்ள!

எனக்குப் பிடிக்காத வார்த்தை எதுன்னு கேட்டா 'அரியர்'னு சொல்வேன்னு நினைப்பீங்க. அதெல்லாம் பழகிப் போச்சு. நான் வெறுக்கிற வார்த்தை 'பாத்துக்கலாம்'. அதுலயும் "ஸ்டுடியோல போயி பாத்துக்கலாம் மாப்ள"ன்னு எவனாவது சொன்னா, எழுந்து வந்துடலாமான்னு இருக்கு.

மதுரையில இப்போ தெருவுக்கு ஒரு மியூசிக் குரூப். தப்பு சொல்லலை, நானும் ஒண்ணுல இருக்கேன். கோரிப்பாளையம் டீக்கடையில உக்காந்து ஒரு மெட்டுப் போட்டு, செல்போன்ல ரெக்கார்ட் பண்ணி, நாலு பேர் "செம"ன்னு சொன்னதும் அடுத்த நாளே ஸ்டுடியோவுக்கு அட்வான்ஸ் கொடுத்துடுறோம். நடுவுல செய்ய வேண்டியது ஒரு மாசத்து வேலை. அதைத்தான் "அங்க போயி பாத்துக்கலாம்"னு மூணே வார்த்தையில முடிச்சுடுறோம்.

எங்க கதையைக் கேளுங்க. போன மாசி மாசம். ஆறு பேர் காசு போட்டு அஞ்சு மணி நேரம் புக் பண்ணினோம். மணிக்கு 800, மொத்தம் 4000. காலையில 9 மணிக்கு ஆரம்பம். முதல் ஆளு வந்தது 9:40. எங்க ஆளு இல்லீங்க, உசிலம்பட்டிப் பக்கமிருந்து ரெண்டு பஸ் மாறி வந்த தப்பு அடிக்கிற அண்ணன் எட்டரைக்கே வந்து வாசப்படியில உக்காந்திருக்காரு. நான் சொன்னது எங்க ஆறு பேர்ல முதல் ஆளு.

கிட்டார்காரன் அன்னைக்குக் காலையிலதான் புதுக் கம்பி மாட்டிக்கிட்டு வந்திருந்தான். புதுக் கம்பி இழுபட்டு நிலைக்கு வர ஒண்ணு ரெண்டு நாள் ஆகும்னு கிட்டார் தொட்ட எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ட்யூனிங். அடுத்தது ஸ்ருதி. பாட்டை எழுதினது ஒரு பொண்ணு, அவ அஞ்சு கட்டையில பாடிக் காமிச்சா. பாட வந்தது பையன். மொட்டை மாடியில மெதுவா முனகிப் பாத்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு. மைக் முன்னாடி சரணத்துல மேல போற இடத்துல தொண்டை எட்டலை. சரி, ஒன்றரைக் கட்டைக்கு இறக்குவோம்னா கீபோர்டுல ஒரு பட்டன் போதும். புல்லாங்குழலுக்கு ஏது பட்டன்? ஒவ்வொரு ஸ்ருதிக்கும் ஒவ்வொரு குழல். எந்தக் கட்டைன்னு நாங்க முன்கூட்டியே சொல்லலை, அவரு கையில கிடைச்ச ஒண்ணை எடுத்துக்கிட்டு வந்திருந்தாரு. அவரைத் திருப்பி அனுப்பினோம், பஸ் காசு கொடுத்து.

ரெண்டாவது சரணம் எழுதவே இல்லைங்கிறது 11 மணிக்குத் தெரிஞ்சது. (சிரிக்காதீங்க.)

இதெல்லாம் எங்க கொழுப்பு, பட்டோம், போகட்டும். அண்ணன் விஷயத்துல நடந்ததுதான் இன்னும் உறுத்துது. தப்புக்குச் சூடு காமிக்கணும். தோல் இறுகினாத்தான் சத்தம் கணீர்னு வரும். வைக்கோலோ காகிதமோ கொளுத்திக் காய்ச்சுறதை ஊர்ல நீங்களும் பாத்திருப்பீங்க. நாங்க புக் பண்ணினது ஒரு காம்ப்ளெக்ஸ்ல ரெண்டாவது மாடி, ஏசி ரூம். எங்க தீ மூட்டுறது? கீழே பார்க்கிங்ல காய்ச்சினாரு, வாட்ச்மேன் திட்டினாரு, மேல ஏறி வர்றதுக்குள்ள பாதிச் சூடு போச்சு. ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு "இந்த டிக் டிக் சத்தத்தோட அடிங்க அண்ணே"ன்னு சொன்னோம். முப்பது வருஷமா ஆட்டக்காரன் காலைப் பாத்து அடிச்ச மனுஷன். நாலு தடவை முயற்சி பண்ணிட்டு, "தம்பி, எனக்கு இது வரலை போல"ன்னு சொன்னாரு.

அவருக்கு வரலையா? இல்லைங்க. எங்களுக்குத்தான் அறிவு வரலை. அவரோட அடியை முதல்ல தனியாப் பதிவு பண்ணிட்டு, கீபோர்டையும் கிட்டாரையும் அதுக்கு மேல கட்டியிருக்கலாம். இல்லைன்னா ரெண்டு சாயங்காலம் அவரு ஊருக்குப் போயி, செல்போன்ல கிளிக் போட்டுப் பழக்கியிருக்கலாம். ரெண்டுக்கும் செலவு பஸ் டிக்கெட்தான். அன்னைக்கு அவரு ஒரு மேளத்தை விட்டுட்டு வந்தவரு. நாங்க கையில வெச்சது அதுல பாதி கூட இருக்காது. வாழ்க்கையில முதல் தடவையா மைக் முன்னாடி நின்ன ஒரு கலைஞனை, தனக்குத் தெரியலைன்னு நினைக்க வெச்சு அனுப்பினோம்.

இதுக்கு என் பாடப் புத்தகத்துல ஒரு கணக்கு இருக்கு. காஸ்ட் அக்கவுண்டிங்ல 'ஐடில் டைம்'னு வரும், கூலி கொடுத்தும் வேலை நடக்காத நேரம். அதுல ரெண்டு ஜாதி. தவிர்க்க முடியாதது நார்மல். அதை வேலையோட அடக்கவிலையில சேத்துக்கலாம். மைக் நிறுத்துறது, தண்ணி குடிக்கிறது, கேட்டுப் பாக்குறது எல்லாம் இந்த வகை. தவிர்த்திருக்கக் கூடியது அப்நார்மல். அதை அடக்கவிலையில சேக்கக் கூடாது, நேரா நஷ்டத்துல எழுதணும். அன்னைக்கு உருப்படியாப் பதிவானது 50 நிமிஷம். 4000-ஐ 50-ஆல வகுத்துப் பாருங்க, நிமிஷம் 80 ரூபா. மணிக்கு 800-ன்னு நினைச்சுப் போனவங்க மணிக்கு 4800 கொடுத்திருக்கோம். நேரம் முடிஞ்சதும் வெளியே வந்து "ஸ்டுடியோக்காரன் ரொம்ப காசு புடுங்குறான்"னு ஒருத்தன் சொன்னான் பாருங்க... என்னத்தச் சொல்ல.

ஸ்டுடியோ நேரம் பஸ் சீட்டு மாதிரி. வண்டி கிளம்பிடுச்சுன்னா காலி சீட்டை நாளைக்கு விக்க முடியாது. அதனால அவங்க மீட்டரை நிறுத்த மாட்டாங்க. அது நியாயமும்கூட.

இதைச் சொன்னா உடனே ஒரு பதில் வரும்: "ரஹ்மானே அப்படித்தான்டா பண்றாரு. பாடகரை வரச்சொல்லி, மனசுக்குத் தோணுறதைப் பாடவிட்டு, அதுலருந்து எடுத்துக்குவாரு." சரி மாப்ள. ரஹ்மான் தன்னோட வீட்டு வளாகத்துலயே பஞ்சதன் ஸ்டுடியோவைக் கட்டினாரு. 1992-ல ரோஜா வர்றதுக்கு முன்னாடியே. ராத்திரி முழுக்க டேப் ஓடினாலும் மீட்டர் அவரோடது. நீ வாடகை ரூம்ல உக்காந்து ரஹ்மான் மாதிரி தேடுறது, ஆட்டோ பிடிச்சு மீட்டரை ஓடவிட்டுட்டு "எந்த ஊருக்குப் போலாம்"னு யோசிக்கிற கதை. தேடுறதுக்கு மொட்டை மாடி இருக்கு, இலவசம்.

இன்னொரு குரூப் இருக்கு. "ரொம்பத் தயார் பண்ணினா ஃபீல் போயிடும்"னு சொல்றவங்க. இவங்க பீட்டில்ஸ் டி-ஷர்ட் போட்டிருப்பாங்க. அந்த பீட்டில்ஸ் 1963 பிப்ரவரி 11-ஆம் தேதி லண்டன்ல ஒரே நாள்ல பத்துப் பாட்டைப் பதிவு பண்ணி, முதல் ஆல்பத்தை முடிச்சாங்க. எப்படி முடிஞ்சது? அதுக்கு முன்னாடி ஹாம்பர்க்லயும் லிவர்பூல்லயும் கிளப் கிளப்பா ராத்திரி ராத்திரியா வாசிச்சுத் தள்ளியிருந்தாங்க. அந்தப் பாட்டுல கேக்குற ஃபீல் எல்லாம் பழக்கத்துல வந்தது.

அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம பக்கத்துக்கே வருவோம். 1902-ல கல்கத்தாவுல கௌஹர் ஜான் பதிவு பண்ணினப்போ மைக்கே கிடையாது. ஒரு பெரிய கூம்புக்குள்ள பாடணும். ஒரு தட்டுல சுமார் மூணு நிமிஷம்தான் கொள்ளும். மணிக்கணக்கா விரிச்சுப் பாடுற சங்கீதத்தை மூணு நிமிஷத்துக்குள்ள சுருக்கி, கடைசியில தன் பேரையும் சொல்லி முடிச்சாங்க. தப்பு வந்தா அந்த மெழுகுத் தட்டைத் தூக்கிப் போட்டுட்டு முதல்லருந்து பாடணும். நம்ம மதுரைப் பொண்ணு எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயசுலயே இசைத்தட்டுல பாடினவங்க. அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர், வீட்டுலயே சாதகம். பத்து வயசுக் குழந்தை தயாராப் போயிருக்கு, இருபது வயசுத் தடியன் நாம 9 மணிக்குப் பல்லு விளக்கிக்கிட்டு இருக்கோம்.

இளையராஜா பொறந்த பண்ணைபுரம் இன்னைக்குத் தேனி மாவட்டம், அப்போ மதுரை மாவட்டம்தான். அவரு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் காகிதத்துல எழுதிக் கொடுத்துட்டுத்தான் ரெக்கார்டிங். எல்லாரும் சேர்ந்து ஒரே நேரத்துல வாசிச்ச காலத்துல, வயலின்ல ஒருத்தர் தப்புப் பண்ணினாலும் மொத்தக் கூட்டமும் மறுபடி வாசிக்கணும். 2005-ல வந்த திருவாசகத்துக்கு புடாபெஸ்ட் சிம்பொனிக்காரங்க வாசிச்சாங்க. தமிழ்ல ஒரு எழுத்துத் தெரியாதவங்க. அவங்க முன்னாடி இருந்தது அந்தக் காகிதம்தான். நம்ம கையில பாட்டு வரி எழுதின ஒரு பேப்பர் கூட இல்லை, வாட்ஸப்ல தேடிக்கிட்டு இருந்தோம்.

மூணாவது ரகம், "எல்லாத்தையும் சாஃப்ட்வேர்ல சரி பண்ணிடலாம்". ஸ்ருதியை இழுக்கலாம், தாளத்தை நகர்த்தலாம், உண்மைதான். எழுதாத சரணத்தை எந்த சாஃப்ட்வேர் பாடும்? சூடு இறங்கின தப்புல எங்கருந்து கணீர்னு எடுப்பீங்க? அதோட, சரி பண்ற நேரத்துக்கும் காசு. மிக்ஸிங் தனி ரேட்டுங்கிறது எங்களுக்கு அன்னைக்கு மத்தியானம்தான் தெரியும்.

அதனால புக் பண்றதுக்கு முன்னாடி வாயைத் திறந்து கேளுங்கய்யா. இன்ஜினியர் சம்பளம் அந்த ரேட்டுக்குள்ளயா வெளியவா, ரூம்ல எத்தனை பேர் நிக்கலாம், ஒரே நேரத்துல எத்தனை மைக் ஓடும், தப்பு காய்ச்ச இடம் இருக்கா, ஜெனரேட்டர் இருக்கா. மின்வாரியம் மாசாமாசம் பராமரிப்புக்குன்னு பகல் முழுக்க கரண்ட்டை நிறுத்தும். எந்த ஏரியான்னு பேப்பர்ல போடுவாங்க, அதைப் படிச்சுட்டுத் தேதி குறிங்க. முடிஞ்சதும் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி ஃபைலாக் கொடுப்பாங்களா, இல்லை ஒரே எம்பி3-யாக் கொடுத்து அனுப்பிடுவாங்களான்னும் கேளுங்க. நாங்க கேக்கலை, அது தனி சோகம்.

தேதி குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் பாருங்க, சாமி நம்பிக்கைக்காகச் சொல்லலை. முகூர்த்த நாள்ல நாதஸ்வரம் தவில் ஆளு கிடைக்க மாட்டாங்க. ஆடியில கல்யாணம் இல்லை, அவங்க ஃப்ரீ. ஆனா ஊர் ஊருக்கு அம்மன் கோயில் திருவிழா, தப்பு அடிக்கிறவங்க கிடைக்க மாட்டாங்க. சித்திரைத் திருவிழா நேரத்துல மாசி வீதிகளுக்குப் பக்கத்துல புக் பண்றவனுக்கு என்ன சொல்றது, நீங்களே சொல்லுங்க.

அப்புறம் யாருக்கு எதுல உரிமைன்னு போறதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதிடுங்க. 1957 காப்புரிமைச் சட்டப்படி பாட்டு வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூணும் தனித்தனி உரிமை. சினிமாவுலயே எழுதினவங்களுக்கும் மெட்டுப் போட்டவங்களுக்கும் ராயல்டியில பங்கு உறுதியாக 2012-ல சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்துச்சு. ஃப்ரெண்ட்ஷிப்புக்குள்ள பேப்பர் எதுக்குன்னு கேக்குறவன்தான் நாளைக்கு "மெட்டு என்னோடது"ன்னு முதல்ல சண்டைக்கு வருவான். தப்பு அடிச்சவர் பேரு பாட்டுக்குக் கீழே வரணும்ங்கிறதையும் அதே பேப்பர்ல எழுதுங்க. 'நாட்டுப்புற வாத்தியக் குழு'ன்னு மொட்டையாப் போட்டுத் தப்பிக்கிறது அசிங்கம்.

தயாராப் போனாலும் சொதப்பும். தொண்டை கட்டும், கம்ப்யூட்டர் தொங்கும். அது நார்மல் கணக்கு, நான் ஏத்துக்குறேன்.

போன வாரம் அந்த அண்ணனுக்கு போன் போட்டேன். எடுப்பாரான்னு பயமாத்தான் இருந்துச்சு. எடுத்தாரு. பாட்டை முழுசா எழுதிட்டோம், ஸ்ருதி முடிவு பண்ணிட்டோம், இந்தத் தடவை தரைத்தளம், பின்னாடி காலி இடம் இருக்கு, நீங்க காய்ச்சலாம், உங்க அடியைத்தான் முதல்ல எடுக்கப் போறோம், அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் நாங்களே ஊருக்கு வர்றோம்னு ஒரே மூச்சுல சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை.

"ஆடி ஆவணி முடியட்டும் தம்பி, புரட்டாசியில வெச்சுக்கோ. நான் எத்தனை மணிக்கு வரணுங்கிறது இருக்கட்டும், நீங்க எத்தனை மணிக்கு வருவீங்க, அதைச் சொல்லு முதல்ல."

எட்டரைன்னு சொல்லியிருக்கேன். கிட்டார்காரனுக்கு எட்டுன்னு சொல்லியிருக்கேன்.