கோட்டுப் பையில் எந்தப் புத்தகம்?

மனநல மருத்துவம் பயில்பவருக்குக் கோட்டுப் பையில் ஒரு கையேடு அவசியம். எதை வாங்குவது? மருந்தளவு பார்க்க லண்டன் மாட்ஸ்லி கையேடு நல்லதுதான். அமெரிக்க டிஎஸ்எம்-5 சுருக்கப் பதிப்பும் கைக்கு அடக்கம். ஆனால் நம் நாட்டின் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயறிதலுக்குப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி வகைப்பாட்டை!

வரதராஜன்பேட்டையில் தற்கொலைக்கு முயன்ற ஒருவரை அரியலூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வையுங்கள். "ஜெயில்ல போட்டுடுவாங்களா டாக்டர்?" என்று வீட்டார் கேட்பார்கள். வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவரே, தண்டிக்கக் கூடாது என்கிறது அச்சட்டத்தின் 115-வது பிரிவு. வெளிநாட்டுக் கையேட்டில் இந்தப் பதில் கிடைக்காது.

எந்தக் கையேடு வாங்கினாலும், சட்டத்தின் முக்கியப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து உள்ளே செருகி வைப்பது நல்லது. பயந்து நிற்கும் குடும்பத்துக்கு அதுதான் முதல் மருந்து.