ஆரிஃப் கானுக்கு ஒரு நடுகல்

2020ஆம் ஆண்டு செப்டம்பர் 25 அன்று சென்னையில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் காலமானார். பதினைந்து நாள்கள் கழித்து, அக்டோபர் 10 அன்று, தில்லி இந்து ராவ் மருத்துவமனையில் ஆரிஃப் கான் என்னும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் காலமானார். இருவருமே கொரோனாத் தொற்றுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள். முதல் பெயரை அறியாத தமிழர் அரியர். இரண்டாம் பெயர், அவர் வாழ்ந்து மறைந்த தில்லியிலேயே இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும் என்பது ஐயமே. இவ்வேறுபாட்டைப் புகழின் அளவு என்று மட்டும் கொண்டுவிட இயலாது. நினைவு எவ்வாறு நிலைக்கிறது, எவ்வாறு அழிகிறது என்னும் கேள்வி அதனுள் இருக்கிறது.

அவ்வாண்டு கலைஞர்கள் பலரை இழந்த ஆண்டு. ஏப்ரல் 29 அன்று இர்ஃபான் கான் மறைந்தார். மறுநாள் ரிஷி கபூர். தில்லி மண்டி ஹவுஸ் அருகிலுள்ள தேசிய நாடகப் பள்ளியில் பயின்ற இர்ஃபானை, ஊரடங்கின் காரணமாக மிகச் சிலரே மும்பையில் அடக்கம் செய்தனர். ஆயினும் அவருக்கான துயரம் சிறுத்துவிடவில்லை. அவருடைய படங்கள் வீடுதோறும் ஓடின. பாலசுப்பிரமணியம் சிகிச்சையில் இருந்தபோது, ஆகஸ்ட் 20 மாலை ஆறு மணிக்கு இளையராஜா, பாரதிராஜா உள்ளிட்ட திரையுலகினரோடு பொதுமக்களும் அவரவர் இடத்திலிருந்தே கூட்டுப் பிரார்த்தனை செய்தனர். கலைஞர் தம் நினைவுச்சின்னத்தைத் தாமே செய்துவைத்துப் போகிறார். தேநீர்க் கடையிலோ பேருந்திலோ ஒரு பாட்டு ஒலிக்கும்போதெல்லாம், எவருடைய முயற்சியும் இன்றி அஞ்சலி நிகழ்ந்துவிடுகிறது.

ஆரிஃப் கானுக்கு அத்தகைய பதிவு ஏதும் இல்லை. வடகிழக்குத் தில்லி சீலம்பூரைச் சேர்ந்த அவருக்கு வயது 48. நான்கு பிள்ளைகளின் தந்தை. ஷஹீத் பகத் சிங் சேவா தளம் என்னும் தொண்டமைப்பின் ஆம்புலன்ஸை ஓட்டினார். தொற்று வீட்டாருக்குப் பரவக்கூடாது என்று ஏறத்தாழ ஆறு மாதம் வீட்டுக்குச் செல்லாமல், வண்டி நிறுத்துமிடத்திலேயே உறங்கி, குடும்பத்தாரோடு தொலைபேசியில் மட்டும் பேசிவந்தார். இருநூறுக்கும் மேற்பட்ட உடல்களை இறுதிச் சடங்குக்குக் கொண்டுசென்றார். உறவினர் வர இயலாதபோது, இறந்தவர் இந்துவாயினும் தாமே முன்னின்று சடங்குகளைச் செய்தார். கையில் பணமில்லாத குடும்பங்களுக்குத் தம் பணத்தைக் கொடுத்தார். அதே வடகிழக்குத் தில்லியில்தான், அவ்வாண்டு பிப்ரவரியில், 53 உயிர்களைப் பலிகொண்ட வகுப்புக் கலவரம் நிகழ்ந்திருந்தது என்பதையும் சேர்த்து எண்ணினால் அச்செயலின் எடை விளங்கும்.

அவர் மறைந்தபோது குடியரசுத் துணைத்தலைவர் வெங்கைய நாயுடு இரங்கல் தெரிவித்தார், நாளேடுகள் எழுதின. பின்னர்ச் செய்தி அடங்கிற்று. 2021 சனவரியில் வெளியான பத்ம விருதுப் பட்டியலில் பாலசுப்பிரமணியத்துக்குப் பத்மவிபூஷணும், சேவா தளத்தின் நிறுவனர் ஜிதேந்தர் சிங் ஷண்டிக்குப் பத்மஸ்ரீயும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் தகுதியானவர்க்கே சென்றன. ஆனால் வண்டியை ஓட்டியவரை நினைக்க விருதுப் பட்டியல்கள் போதா.

காரணம் எளிது. கொடையின் நினைவு பெற்றவரிடமே தங்கும். ஆரிஃப் கானின் உதவியைப் பெற்றவர்களுள் பலர் இறந்தவர்கள்; அவர்களால் சாட்சி சொல்ல இயலாது. எஞ்சிய உறவினரோ அந்நாள்களை மறக்கவே விரும்புவர். எனவே அந்நினைவைக் காக்கும் பொறுப்பு மூன்றாமவரைச் சார்கிறது.

சத்தமின்றிக் கொடுத்தவரைச் சத்தமிட்டு நினைப்பது அவர் இயல்புக்கே முரண் அன்றோ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. எனினும், தம் செயலைத் தாம் சொல்லாதிருப்பது கொடையாளரின் பண்பு. அவர் மறைந்தபின் பிறரும் சொல்லாதிருந்தால் அது பண்பாகாது, புறக்கணிப்பே ஆகும்.

தமிழ் மரபு இச்சிக்கலை முன்னரே எதிர்கொண்டது. தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனக் கல் நடும் நிலைகளை வகுத்துரைக்கிறது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழிக் கல்வெட்டு அரசன் எவனையும் புகழவில்லை. ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனின் பெயர், ஊர், நிகழ்ச்சி ஆகியவற்றைச் சில சொற்களில் சொல்லி நின்றுவிடுகிறது. அந்தச் சில சொற்களால்தான் அவன் ஈராயிரம் ஆண்டுகள் கழித்தும் பெயருடன் அறியப்படுகிறான்.

தில்லியின் பல்கலைக்கழகங்களால் இதைச் செய்ய முடியும். அம்பேத்கர் பல்கலைக்கழகத்தின் சமூக அறிவு மையம் இந்நகர மக்களின் வாய்மொழி நினைவுகளைத் தொகுத்துவந்துள்ளது. அவ்வழியில், தில்லிப் பல்கலைக்கழகத்திலும் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் பயிலும் தமிழ் மாணவர்கள் ஒரு பருவத்தை ஒதுக்கி, சீமாபுரி மயானத்தில் பணிபுரிந்தோரையும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களையும் கண்டு, அவர்கள் இசைவுடன் பேச்சைப் பதிவுசெய்யலாம். பெரிய ஆய்வுநிதி தேவையில்லை. கைப்பேசியும் பொறுமையும் போதும். திரைப்பாடல் குறித்த ஆய்வேடுகள் இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் எழுதப்படலாம். பாடல்கள் அப்போதும் இருக்கும். அந்த ஓட்டுநர்களின் நினைவு அதுவரை காத்திருக்காது.