நோன்பும் நியாயக் கூலியும்

உழைப்பவர் உரிமைக்காகப் பல சமயத்தவர் கூடி வழிபடுவதும் நோன்பிருப்பதும் பயனுள்ள போராட்ட முறை. நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் இன்று அதற்குத் தேவை இருக்கிறது. நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளரின் சம ஊதியக் கோரிக்கையைத் தொழிற்சங்கங்களின் தோளில் மட்டும் ஏற்றிவிட்டு, இவ்வூரின் கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் ஒதுங்கி நிற்பது முறையல்ல.

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமத்துக் குடும்பங்களிலிருந்து பலர் அங்கே ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்கிறார்கள். ஒரே கன்வேயர் பெல்ட்டின் ஓரத்தில், ஒரே கரித்தூசியில், ஒரே ஷிப்டில் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் நிற்கிறார்கள். சம்பள நாளன்றுதான் வேறுபாடு தெரிகிறது. ஆபத்து மட்டும் இருவருக்கும் பொது. 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்து மாண்டவர்களில் ஒப்பந்தத் தொழிலாளரும் இருந்தனர். ஆண்டு முழுவதும் நடக்கும் வேலையில் ஒப்பந்த முறையைத் தடை செய்ய 1970ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு அதிகாரம் தந்தது. சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிக ஊழியருக்கும் உரியது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் பஞ்சாப் அரசு ஊழியர் வழக்கில் தீர்ப்பளித்தது. சட்டமும் தீர்ப்பும் வந்த பிறகும் கூலி உயரவில்லை என்றால், அவற்றை நிறைவேற்றச் சொல்லும் ஊர்க்குரல் போதவில்லை என்று பொருள்.

அந்தக் குரல் வழிபாட்டுக் கூடத்திலிருந்து எழ முடியும் என்பதற்குச் சென்னையே சான்று. பெரம்பூரில் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்றொரு பக்தி சபை இருந்தது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் அங்கே சமயச் சொற்பொழிவு கேட்க வந்தார்கள். வந்த இடத்தில் ஆலையின் கொடுமைகளைச் சொன்னார்கள். நடுப்பகல் உணவுக்கு அரைமணி நேரம் போதவில்லை என்பது அவர்களின் முதல் குறைகளில் ஒன்று. வணிகரான செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும், சைவரான திரு.வி.க.வும், பார்சி சமயத்தில் பிறந்து பிரம்மஞான சபையில் இருந்த பி.பி.வாடியாவும் கைகோத்ததில் 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

அதே ஆண்டு மார்ச்சில் அகமதாபாத்தில் நெசவாலைத் தொழிலாளர் 35 விழுக்காடு ஊதிய உயர்வு கேட்டனர். முதலாளிகள் 20க்கு மேல் இறங்கவில்லை. பசியால் தொழிலாளரின் உறுதி தளர்ந்தபோது மார்ச் 15 அன்று காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். மூன்று நாளில் சமரசம் ஏற்பட்டது; பின்னர் நடுவர் 35 விழுக்காட்டையே வழங்கினார். நோன்பு எதிர்த்தரப்பை நெருக்குவது ஆகாதா என்ற கேள்வி நியாயமானது. முதலாளிகள் தம் நண்பர்களாதலால் அந்நோன்பில் குறை இருந்ததாகக் காந்தியடிகளே பின்னர் எழுதினார். எனவே நோன்பு சாகும்வரை என்ற மிரட்டலாக இருக்கலாகாது. நாள் குறித்து, கோரிக்கையை வெளிப்படையாக அறிவித்து இருப்பதே ஏற்புடையது.

இலங்கை மலையகம் இன்னும் தெளிவான பாடம் தருகிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவர் ஆக்கியது. 1986 ஜனவரியில் தொண்டமான் தலைமையிலான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பிரார்த்தனைப் போராட்டத்துக்கு அழைத்தது. கொழுந்துக் கூடையை எடுக்க வேண்டிய காலை வேளையில் தொழிலாளர் பிரார்த்தனையில் அமர்வது என்பதே திட்டம். அவரவர் முறையில் செய்யக்கூடியது பிரார்த்தனை என்பதால் சமயம் யாரையும் பிரிக்கவில்லை. அரசு இறங்கி வந்தது. அவ்வாண்டே, எஞ்சியிருந்த 94,000 பேருக்குக் குடியுரிமை வழங்கச் சட்டம் நிறைவேறியது. அமைப்பு பலமுள்ள சங்கம், குறிப்பான ஒரு கோரிக்கை, ஒன்றாக அமர்ந்த மக்கள்: பிரார்த்தனை பலித்தது இவை சேர்ந்ததால்தான்.

ஒற்றுமை குலைந்தால் என்ன ஆகும் என்பதையும் பெரம்பூரே காட்டியது. 1921 ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளரும் ஏனையோரும் எதிரெதிரே நிற்க நேர்ந்தது. புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன, போராட்டம் தோற்றது. சமய மேடை சாதிக்கும் கட்சிக்கும் இடம் கொடுத்தால் முதலில் நசுங்குவது கூலிக்காரன்தான். ஆகவே சேரிக்கும் ஊருக்கும் பொதுவான இடத்தில் எல்லாரும் சமமாக அமரும் நோன்பே தொழிலாளருக்குப் பயன்படும். அதுவும் சங்கத்துக்கும் பேச்சுவார்த்தைக்கும் துணையாக நிற்க வேண்டுமே தவிர, அவற்றுக்கு மாற்றாகாது.

மந்தாரக்குப்பத்துக்கு இது புதிய நெறியல்ல. சாதி சமய வேறுபாட்டைத் தள்ளிய வள்ளலார், 1867இல் பக்கத்து வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, பசி தீர்ப்பதையே வழிபாடாக்கினார். அங்கு மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. ரமலான் நோன்பும் தவக்காலமும் சஷ்டி விரதமும் பசியை உணரக் கற்பிப்பவை. அந்த உணர்வு அன்னதானத்தோடு நின்றுவிடக் கூடாது. உழைத்தவன் தன் சோற்றைத் தானே வாங்கும் அளவுக்குக் கூலி பெறுவதுவரை போக வேண்டும்.

மூன்று சமயப் பெரியோரும் தொழிற்சங்கங்களோடு கலந்து பேசி, ஒரு நாள் பொது நோன்பை அறிவிக்கட்டும். கோரிக்கை ஒன்றே போதும்: சம வேலைக்குச் சம ஊதியம். நிர்வாகமும் மத்திய அரசும் அதற்குக் காலக்கெடுவோடு பதில் சொல்ல வேண்டும்.