வேலிச் செலவு யார் தலையில்?



மாரி வந்தால் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி பக்கம் இரண்டு பேச்சுக் கேட்கும். "மேல் தட்டு ஒழுகுது." "வேலி சாஞ்சிட்டு." அதற்குப் பிறகு மூன்றாவது பேச்சு வரும்: "அது உங்கட பக்கம், நீங்களே செய்யுங்க." இந்த மூன்றாவது பேச்சுக்குத்தான் இந்தப் பதிவு.

நம் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது பரம்பரை வழக்கம். கடலுக்கும் வாவிக்கும் இடையில் காணி எங்கே இருக்கிறது? ஆறு, ஏழு பேர்ச்சில் மூத்தவளுக்குக் கீழ்வீடு, இளையவளுக்கு மேல்வீடு. உறுதியில் ஆளுக்குப் "பிரிக்கப்படாத அரைப் பங்கு". நான்கு எல்லையும் பிழையில்லாமல் எழுதப்பட்டிருக்கும். ஆனால் தட்டு வெடித்தால், குழி நிரம்பினால், வேலி விழுந்தால் யார் காசு கொடுப்பது? அதற்கு ஒரு வரிகூட இருக்காது.

பிரிக்கப்படாத அரைப் பங்கு என்றால் என்ன? அந்தக் காணியின் ஒவ்வொரு பிடி மண்ணிலும் இருவருக்கும் அரைவாசி இருக்கிறது என்பதுதான். கீழ், மேல் என்பது வாப்பா செய்து வைத்த குடும்ப ஒழுங்கு. வகுப்பில் பின்னம் படிப்பிக்கிற நாங்கள் கேட்கிறோம்: உரிமையில் அரை என்று கையெழுத்து வைத்தவர்களுக்குச் செலவில் மட்டும் எப்படிப் பூச்சியம் வரும்?

நடுத்தட்டு ஒருத்திக்குத் தரை, மற்றவளுக்குக் கூரை. உப்புக் காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கினால் கொங்கிரீட் பிளக்கும். கீழே காரை விழும்போது மேலே நிற்கிறவளின் தரையும் பலம் இழக்கிறது. "நாங்க மேல இருக்கிறோம், எங்களுக்கு எதுக்கு வேலி?" என்பவர்களின் மோட்டார் சைக்கிள் எங்கே நிற்கிறது? அவர்களின் பிள்ளைகள் எந்த முற்றத்தில் விளையாடுகிறார்கள்?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். கூட்டுச் சொத்தில் அவசியமான திருத்த வேலையை ஒரு பங்காளி செய்தால், மற்றவரிடம் பங்குக்கு ஏற்ற செலவைக் கேட்கும் உரிமை நம் நாட்டின் ரோமன் டச்சுச் சட்டத்தில் இருக்கிறது. "பத்து வருசமா வேலி நான்தான் அடைச்சேன், இனி இந்தப் பக்கம் எனக்கு" என்ற வாதமும் இலேசில் நிற்காது. ஒரு பங்காளியின் ஆட்சி எல்லோருக்குமான ஆட்சி என்று 1911இல் கொரயா எதிர் அப்புஹாமி வழக்கில் பிரிவுக் கவுன்சில் தீர்த்தது. மேல்வீட்டைத் தனிச் சொத்தாகவே எழுத வேண்டுமென்றால் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின்படி திட்டப்படம் பதிய வேண்டும். அங்கே பொதுப் பகுதிகளின் பராமரிப்புச் செலவையும் எல்லா உரிமையாளர்களும் சுமக்க வேண்டும். எந்த வழியால் போனாலும் செலவில் பங்கு உண்டு.

இன்னொரு வேடிக்கை. உறுதியில் பெயர் இருப்பது ராத்தாவுக்கும் தங்கச்சிக்கும். வேலிக்காகச் சண்டை பிடிப்பது உறுதியில் பெயரே இல்லாத இரண்டு சகலன்மார். கல்யாணத்துக்கு முன் "வீடு எங்கே?" என்று கேட்கத் தெரிந்த மாப்பிள்ளைக்கு, அந்த வீட்டுக்கு ஒரு மூடை சீமெந்து வாங்கும்போது மட்டும் "அது மனுசிட சொத்து" என்று வாய் வருகிறது. கடைசியில் யார் தலையில் விழுகிறது? கணவன் மௌத்தாகிப் போனவள் தலையில், அல்லது "மச்சான் கட்டார்லதானே இருக்கார்" என்று சொல்லப்படுகிறவள் தலையில்.

"சகோதரிகளுக்குள்ளே கணக்கா? பாசம் போயிடும்" என்பார்கள். அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான். எழுதாமல் விட்டதால்தான் ஒரே முற்றத்தில் இருக்கிற இரண்டு சகோதரிகள் பெருநாளைக்கும் முகம் பார்க்காமல் இருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் சொன்ன கப்பல் உவமை புகாரியில் இருக்கிறது. கீழ்த்தட்டில் இருந்தவர்கள் தண்ணீருக்காக, தங்கள் பங்கில்தானே என்று ஓட்டை போட நினைத்தார்கள். விட்டுவிட்டால் மேல்தட்டும் சேர்ந்தே மூழ்கும். நம் மேல்வீடு கீழ்வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறு எது?

எனவே நாங்கள் கேட்பது:

1. சீதன உறுதி எழுதும்போதே தட்டு, படி, குழி, கேற், வேலி எல்லாவற்றின் செலவும் பங்கு வீதம் என்று நொத்தாரிசிடம் ஒரு பந்தி சேர்க்கச் சொல்லுங்கள். ஏற்கனவே எழுதியவர்கள் தனியாக ஓர் உடன்படிக்கை எழுதுங்கள். கையெழுத்துச் சகோதரிகளுடையதாக இருக்கட்டும்.

2. அவரவர் வீட்டு உள்வேலை அவரவர் செலவு. மேல் குளியலறைப் பைப் உடைந்து கீழே ஒழுகினால் மேல்வீடு கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் பொது.

3. வேலை தொடங்குமுன் மற்றவருக்குச் சொல்லுங்கள். மேசனிடம் மதிப்பீடு எடுங்கள், பற்றுச்சீட்டை வையுங்கள். சொல்லாமல் மதில் கட்டிவிட்டுப் பிறகு பாதிக் காசு கேட்பதும் நியாயமில்லை.

4. கையில் காசில்லாதவர் தவணை கேட்கட்டும். தவணை கேட்பது வேறு, பங்கே இல்லை என்பது வேறு.

5. பேசித் தீராவிட்டால் பள்ளிவாசல் பெரியவர்கள் இருக்கிறார்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. பங்கு பிரிப்பு வழக்கு கடைசி வழி. ஆறு பேர்ச்சைப் பிரித்து என்ன கிடைக்கப்போகிறது?

மகளுக்கு வீடு கட்டிக்கொடுக்க வாப்பாமார் ஆயுளையே கொடுக்கிறார்கள். அந்த வீடு நிற்பதற்கு உறுதியில் ஒரு பந்தியைக் கூடுதலாக எழுதுவது பெரிய பாரமில்லை. இந்த வருடம் உறுதி எழுத இருக்கிறவர்களுக்கு இதை அனுப்பி வையுங்கள்.

வஸ்ஸலாம்.