பனி இரவும் மின்சாரமும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கு இயற்கை கடலை மட்டுமன்று, வானத்தையும் வாரி வழங்கியிருக்கிறது. வடக்கே அடிவானத்துக்கு எட்டரைப் பாகை உயரத்தில் துருவ நட்சத்திரம் நிற்கிறது. கோடை இரவுகளில் தென்திசையில் பால்வீதியின் நடுப்பகுதி உயர எழுகிறது. 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி நிகழ்ந்த கங்கண சூரிய கிரகணத்தின் பாதையும் நம் மாவட்டத்தின் மேலாகவே சென்றது. அன்று முதல் வானத்தின்மீது மோகங்கொண்ட மாணவர்கள் இங்கே உண்டு.

அத்தகைய மாணவன் ஒருவனின் வீட்டுக்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம். டச்சுக் குடாவின் அலையோசை கேட்கும் வீடு அது. நாம் நாற்காலியில் அமருமுன்னரே தாயார் முறையிடத் தொடங்கிவிட்டார்: "அண்ணை, நீங்களாவது இவனுக்குச் சொல்லுங்கோ. இரவிரவாய் முற்றத்திலே கரண்டோடே நிக்கிறான்."

நட்சத்திரங்களைப் படம்பிடிக்கும் பிள்ளையைத் தடுப்பதா என்று எண்ணியவாறே முற்றத்துக்குப் போனோம். போனபின் தாயாரின் அச்சம் நியாயமானதென்று கண்டோம். குசினி யன்னல் வழியாக வந்த மின்வயர், நடுவே ஒட்டுநாடா சுற்றிய இணைப்புடன், கிணற்றடி ஈரமண்ணில் கிடந்தது. அதன் முனையில் இருந்த பிளக்குகளைப் பொலித்தீன் பை ஒன்று மூடியிருந்தது. "முக்காலியைத் தொட்டால் சில வேளை சுள்ளென்கிறது, மாமா" என்று அவன் சிரித்தான். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

மழை பெய்யாத இரவில் ஈரம் எங்கிருந்து வருகிறது? மேகமற்ற வானின் கீழ்க் கிடக்கும் பொருள் தன் வெப்பத்தை ஆகாயத்துக்கு இழந்து, சூழ்ந்துள்ள காற்றினும் குளிர்ந்துவிடுகிறது. அதன்மேல் பனி நீராய்ப் படிகிறது. தெளிந்த வானமே படத்துக்கு உகந்தது. பனிக்கும் அதுவே உகந்தது. பொலித்தீன் பையோ ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கிறது.

அதனோடு உப்பும் சேருகிறது. மாரிகாலத்தில் உப்புச் சாடி கசிவதை இல்லத்தரசிகள் அறிவர். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75ஐக் கடந்தால் உப்பு தானே நீரை உறிஞ்சிக் கரைகிறது. கடற்காற்று வயர்களிலும் பிளக்குகளிலும் பூசிவிடும் உப்புக்கும் இதுவே கதி. உப்புநீர் மின்சாரத்துக்கு நல்ல பாதை.

"உருகி இருக்கிறதே" எனச் சிலர் சமாதானம் கூறுவர். உருகி காப்பது கம்பியை; மனிதனை அன்று. ஐந்து அம்பியர் உருகி ஐயாயிரம் மில்லியம்பியரைத் தயக்கமின்றிச் செல்லவிடும். பத்து முதல் இருபது மில்லியம்பியர் பாய்ந்தாலே தசைகள் இறுகி, பற்றிய கையை விடமுடியாமற் போகலாம். ஐம்பது மில்லியம்பியர் அளவு நெஞ்சினூடே சென்றால் இதயத்தின் துடிப்பே குலைந்துவிடக்கூடும். ஈரமான வெறுங்காலுடன் நிற்பவனின் உடல் 230 வோல்ற்று மின்சாரத்துக்குச் சிறிதளவே தடை செய்யும்.

ஆகவே நாம் அவனுக்குச் சொன்ன விதி ஒன்றே: வீட்டு மின்சாரம் வீட்டோடு நிற்கட்டும், முற்றத்துக்குப் பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றரி மட்டும் வரட்டும். தொலைகாட்டியைத் திருப்பும் மோட்டார், கமரா, பனி படியாதவாறு வில்லையின் வாயைச் சுற்றி இளஞ்சூடு தரும் பட்டி ஆகிய மூன்றும் இதிலே இயங்கக்கூடியனவாகக் கிடைக்கின்றன. மூன்றுக்கும் சேர்த்து மூன்றரை அம்பியர் எனக் கொண்டால், எட்டு மணி நேரத்துக்கு 28 அம்பியர்-மணி தேவை. ஈயப் பற்றரியைப் பாதிக்குமேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் குன்றும். எனவே 60 அம்பியர்-மணிப் பற்றரி போதுமானது.

பற்றரியும் விளையாட்டுப் பொருளன்று. அதன் இரு முனைகளும் நேரே இணைந்துவிட்டால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாய்ந்து வயர் எரியும். ஆதலால் நேர்முனையின் அருகிலேயே பத்து அம்பியர் உருகி ஒன்று அவசியம். மின்னேற்றும்போது எரியக்கூடிய ஐதரசன் வாயு வெளிப்படலாம். அதை மூடிய அறையிலன்றிக் காற்றோட்டமுள்ள விறாந்தையில், மழைபடாமற் செய்க. இணைப்புகளைத் தரையினின்று உயர்த்தித் தொங்கவிடுக. பிளக்கைச் சேருமுன் வயர் சற்றுத் தாழ்ந்து வளைந்திருந்தால், வழியும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். பற்றரியிலிருந்து மீண்டும் 230 வோல்ற்று ஆக்கும் கருவியை முற்றத்தில் வைப்பது, துரத்திய அபாயத்தை விருந்துக்கு அழைப்பதாகும்.

மாணவன் ஒரு கேள்வி கேட்டான்: "வீட்டு மின்சாரந்தான் வேண்டுமென்று வந்தால்?" அப்போது 30 மில்லியம்பியர்க் கசிவிலேயே விழும் ட்ரிப் சுவிச் இன்றி வயரை வெளியே எடுத்தலாகாது. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் ஒவ்வாதபோது, நொடியில் மூன்றிலொரு பங்குக்குள் அது இணைப்பை அறுக்கிறது. அதனுடன், வெளியிடப் பாவனைக்கென்றே செய்த, நடுவில் ஒட்டில்லாத வயரும் வேண்டும்.

பத்து நாள் கழித்து அவ்வழியே சென்றோம். குசினி யன்னல் சாத்தியிருந்தது. ஸ்டூலின்மேல் பற்றரிப் பெட்டி. அதனருகே செருப்பணிந்து நின்றான் மாணவன். தாயாரோ தொலைகாட்டியில் கண்வைத்தபடி, "இதுதானோ சனியன்? இவ்வளவு வடிவாய் இருக்கிறாரே!" என்று வியந்துகொண்டிருந்தார்.

வாசகர்களுக்கும் ஒரு சிறு வேலை. உங்கள் வீட்டு ட்ரிப் சுவிச்சில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். இன்றே அதை அழுத்திப் பாருங்கள். சுவிச் 'டக்' என்று விழுந்தால் நல்லது. விழாவிட்டால், நட்சத்திரங்கள் காத்திருக்கட்டும். முதலில் மின்சார வேலைக்காரரை அழையுங்கள்.